மண் புறா

விருத்தாசலம் என்ற பெயருக்குக் கிழமலை என்று அர்த்தம். தேவாரம் பாடியவர்கள் முதுகுன்றம் என்றார்கள். ஸ்வாமி பெயர் பழமலைநாதர், அம்பாள் விருத்தாம்பிகை. ஊர் கிழம், ஸ்வாமி கிழம், அம்பாளும் கிழம். சுந்தரமூர்த்தி நாயனார் இந்த வழியாக வந்தபோது இதையெல்லாம் யோசித்துப் பார்த்து, இத்தனை கிழத்தைப் பாடி என்ன ஆகப்போகிறது என்று பாடாமலே நடையைக் கட்டிவிட்டாராம். முருகன் வேடன் வேஷத்தில் வந்து மணவாளநல்லூர்ப் பக்கம் அவரை வழிமறித்து, கையிலிருந்த பொருளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, "வேண்டுமானால் விருத்தாசலத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளும்" என்று திருப்பி அனுப்பினான். அந்த வேடன்தான் கொளஞ்சியப்பர் என்று தலபுராணம் சொல்கிறது. அப்புறம் நாயனார் பாடியதும், 12,000 பொன் பெற்றதும், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

பழையதை இளப்பமாக நினைத்த ஒரு பக்தருக்கு ஒரு வேடன் வந்து புத்தி சொன்ன இடம் இது. (விருத்தாசலம் என்று பெற்றோர் பெயர் வைத்த ஒருவர் எழுதத் தொடங்கியதும் தமக்குப் புதுமைப்பித்தன் என்று பெயர் சூட்டிக்கொண்டார் என்பது வேறு விஷயம். எனக்கு அதில் எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு.) பழசும் வேட்டையும் சேர்ந்த ஒரு சமாசாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் இந்தக் கதை ஞாபகம் வந்ததில் வியப்பில்லை.

விருத்தாசலத்திலிருந்து சில மைல் தள்ளி ஒரு கிராமத்தில் எனக்குச் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். நிலபுலன் இப்போது அதிகமில்லை. வீடு மட்டும் பெரிசு. அவரிடம் பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் செய்தது. இரண்டு குழல்களும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். மாதம் ஒரு தடவை அதைப் பெட்டியில் வைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு, தாம் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் மைதானத்துக்குப் போகிறார். அங்கே மண் புறா சுடுகிறார்.

மண் புறா என்பது புறா அல்ல. குறுக்கே 11 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன வட்டத் தட்டு. எடை 105 கிராம். கவிழ்த்த அகல் விளக்கு மாதிரி இருக்கும். பள்ளத்தில் ஒரு யந்திரம் மறைந்திருக்கிறது. சுடுகிறவர் குரல் கொடுத்ததும் தட்டு சீறிக்கொண்டு கிளம்பிப் பறக்கிறது. ஒலிம்பிக் பந்தய முறையில், தடுக்காமல் விட்டால் 76 மீட்டர் தூரம் போய் விழும். அதற்குள் அதைத் தூளாக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

சங்கத்தில் மற்றவர்கள் வைத்திருக்கும் துப்பாக்கிகள் வேறு ஜாதி. ஒரு குழலின் மேல் இன்னொரு குழல் ஏறியிருக்கும். பெரும்பாலும் இத்தாலியில் செய்தவை. கனமானவை; கனமாக இருப்பதால் தோளில் உதை குறைவு, கை ஓட்டம் சீர். 1931-இல் பிரௌனிங் கம்பெனி அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பிறகு சிறிது சிறிதாகப் பந்தய மைதானமெல்லாம் மேலும் கீழுமான குழல்கள் வசமாகிவிட்டது. பெரிய போட்டிகளில் பக்கவாட்டுக் குழல் துப்பாக்கியோடு வந்து நிற்கிறவர்களைத் தேடிப்பார்க்க வேண்டும். என் சிநேகிதருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். 25 தட்டில் மற்றவர்கள் 22, 23 என்று உடைக்கும்போது இவர் 15-இல் நிற்பார். அப்புறம் ஏன் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சுடுவது எனக்குப் பழக்கமில்லை. பார்ப்பதற்குத் தடையில்லை அல்லவா? முதலில் தெரிந்தது அதன் லேசு. இரண்டு கைகளுக்கும் நடுவில் தராசு மாதிரி நின்றது. கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் யாரோ ஒருவன் அரத்தாலும் உளியாலும் நாள்கணக்காக உட்கார்ந்து வேலை செய்திருப்பது தெரிந்தது. வாதுமைக் கட்டையைச் செதுக்கியது ஒருவன். பூட்டைப் பொருத்தியது ஒருவன். இரும்பில் கொடியும் இலையும் வெட்டியது இன்னொருவன். அதன் கட்டை நேராக இல்லை. லேசாக ஒரு பக்கம் வளைந்திருந்தது. தோளுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்து, சட்டை தைப்பதுபோல் ஆளுக்குத் தக்கபடி வளைப்பார்களாம். பாட்டனார் போய் எத்தனையோ வருஷமாகிறது. அவருடைய தோளின் அளவு இன்னும் அந்த மரத்தில் இருக்கிறது.

சிநேகிதர் விளக்கிச் சொல்வதில் கெட்டிக்காரர். "12 போர் என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தை 12 உருண்டையாகச் செய்தால், அதில் ஓர் உருண்டை இந்தக் குழலுக்குள் சரியாக நுழையும்" என்றார். வலது குழல் சற்றுத் தாராளமாக ரவையைச் சிதறவிடும். இடது குழலின் வாய் கொஞ்சம் இறுக்கம். கிட்டத்தில் பறக்கும்போது வலது. தவறிவிட்டால், அதற்குள் தட்டு தூரம் போயிருக்கும் அல்லவா, இடது. இரண்டுக்கும் தனித்தனி விசை. ஒரு விரல் முன்னிருந்து பின்னுக்கு நகர்வதற்குள் எந்தக் குழல் என்று மனசு தீர்மானித்துவிட வேண்டும். மூன்றாவது வெடி கிடையாது. சுத்தியல் வெளியே தெரியாமல் பூட்டுக்குள்ளேயே அடங்குகிற ஏற்பாட்டை 1875-இல் பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் இந்த யந்திரத்தில் அடிப்படையாக மாற்றுவதற்கு அதிகம் மிச்சமில்லை என்பது சிநேகிதரின் கட்சி. 150 வருஷம் மாறாமல் இருக்கிற யந்திரம் நம் வீட்டில் வேறு என்ன இருக்கிறது? அம்மிக்கல்தான்.

பழசுக்குப் பணிவிடையும் உண்டு. அந்தக் காலத்துக் குழல்களில் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கென்று குடைந்தவை. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதைவிடக் கால் அங்குலம் நீளம். உள்ளே போகிறதே என்று போட்டுவிடக்கூடாது. வெடிக்கும்போது தோட்டாவின் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறிவிடும். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பின்னிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். கிழவருக்குப் பத்தியச் சாப்பாடு போடுவதுபோல் இவர் தேடித் தேடித் தோட்டா வாங்குகிறார். இந்தக் கவலையே அவருக்குப் பாதி இன்பம் என்று எனக்குப் படுகிறது.

இருக்கட்டும். அழகைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்ட அழகு? அந்தக் கொடியும் இலையும் எதன்மேல் வெட்டப்பட்டிருக்கின்றன? உயிரை எடுக்கும் கருவியின்மேல். சிநேகிதர் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வெலிங்டன் ஏரிக் கரையில் பாட்டனார் நிற்கிறார். கையில் இதே துப்பாக்கி. காலடியில் காட்டு வாத்துகளும் உள்ளான்களும் வரிசையாகக் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல் போனதும் நிறுத்திவிட்டேன். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தக் கதையை முடித்தது. உயிர்ப் பறவைக்குப் பதிலாக மண் பறவை வந்தது. பாவம் போய்விட்டதா?

சீமையில் இந்த மாற்றம் நடந்த கதை சுவையானது. முதலில் கூண்டிலிருந்து நிஜப் புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900-ஆம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தின்போதுகூட அப்படி ஒரு போட்டி நடந்து ஏறக்குறைய 300 புறாக்கள் செத்தன. அடைத்து வைத்த பறவையைப் பறக்கவிட்டுச் சுடக்கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1921-இல். ஆனால் சட்டத்துக்கு வெகு நாள் முன்பே மாற்றுப் பறவை பிறந்துவிட்டது. கொஞ்ச காலம் கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுட்டுப் பார்த்தார்கள். சிலர் அதற்குள் இறகை அடைத்து வைத்தார்களாம்! உடைந்ததும் இறகு பறந்தால்தான் மனசு திருப்திப்பட்டிருக்கிறது. அப்புறம் 1880-இல் அமெரிக்காவில், சின்சினாட்டி நகரத்தில், லிகோவ்ஸ்கி என்பவர் தட்டு வடிவத்தைக் கண்டுபிடித்தார். பையன்கள் தண்ணீர்மேல் சிப்பி ஓட்டை எறிந்து தவளைப் பாய்ச்சல் விடுவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை உதித்ததாம். முதலில் அசல் களிமண்ணில் செய்து சூளையில் சுட்டார். அது சரிப்படவில்லை. ரவை பட்டால் 'டங்' என்று மணிபோல் ஒலித்ததே தவிர உடைய மறுத்தது. கடைசியில் கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து செய்யலானார்கள். இன்று மண் புறாவில் மண் இல்லை, பெயர்தான் மிச்சம்.

சூளையில் வெந்த மண் உடைய மறுத்தது என்ற இந்தச் செய்தியை விருத்தாசலத்தில் ஒருவரிடம் சொன்னேன். விருத்தாசலம் பீங்கான் ஊர் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கம். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. இந்த ஊரில் அகல் விளக்கு, கொலுப் பொம்மை, மின்சாரப் பெட்டியில் வைக்கிற பீங்கான் பியூஸ் கட்டை எல்லாம் செய்கிறார்கள். பீங்கான் தொழில் படிப்புக்கென்று ஒரு கல்விக்கூடமும் இருக்கிறது. நான் பேசியவர் பல வருஷம் சூளையில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர். வயது எழுபத்தைந்துக்கு மேல்.

"வெந்த மண்ணு எப்படிங்க ஒடையும்? ஒடையக் கூடாதுன்னுதானே அத்தன நேரம் நெருப்புல வைக்கிறோம்?" என்றார். உடைப்பதற்கென்றே ஒரு தட்டைச் செய்கிறார்கள் என்றதும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒடைக்கறதுக்குன்னே செய்யறதும் ஒண்ணு இருக்குங்களே, கொள்ளிக்குடம்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே மேலும் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும்.

தமிழில் ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று யசோதர காவியம். சமணர்கள் செய்தது. யசோதரன் என்று ஓர் அரசன். அவன் மனைவி வேறொருவனிடம் மனத்தைப் பறிகொடுத்ததைப் பார்த்து நொந்துபோய், தாயிடம் உண்மையைச் சொல்ல வாய் வராமல், கெட்ட கனவு கண்டதாகச் சொல்கிறான். தாய் பயந்துபோய்த் தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள். அவன் உயிரைக் கொல்ல மாட்டேன் என்கிறான். கடைசியில் இருவரும் ஒரு சமாதானத்துக்கு வருகிறார்கள்: மாவினால் ஒரு கோழி செய்து அதை வெட்டுவது. வெட்டுகிறான். மாக்கோழி கூவியதாகக் கவி சொல்கிறார். அந்த ஒரு வெட்டுக்காக மகனும் தாயும் பிறவி பிறவியாக மிருகங்களாகவும் பறவைகளாகவும் பிறந்து அடிபட்டுச் சாகிறார்கள். கடைசிப் பறவைப் பிறவியில் இருவரும் நிஜக் கோழிகளாகவே பிறக்கிறார்கள். அப்போதைய அரசன், யசோதரனுடைய சொந்தப் பிள்ளை, கூவும் ஒலியைக் கேட்டே குறி வைக்கும் தன் வில்வித்தையை ராணிக்குக் காட்ட ஆசைப்பட்டு, ஓர் அம்பு விடுகிறான். இரண்டு கோழிகளும் செத்து விழுகின்றன. வேடிக்கைக்காகப் பறவையைச் சுட்ட கதை நம்மிடம் எத்தனை பழசு பாருங்கள்.

இந்தக் கணக்கின்படி என் சிநேகிதர் கதி என்ன? மாக்கோழியை வெட்டியது பாவமென்றால் மண் புறாவைச் சுடுவது எப்படிப் புண்ணியமாகும்? கொலை கையில் இல்லை, சங்கல்பத்தில் இருக்கிறது என்பதுதானே சமணர் வாதம்? மைதானத்தில் இன்றும் தட்டுக்குப் பறவை என்றுதான் பெயர். உடைத்தால் 'கொன்றேன்' என்று இங்கிலீஷில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை நான் அவரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"பறவையை நினைத்தால் தவறிவிடும், ஐயா. தட்டை நினைத்தாலும் தவறிவிடும். தட்டு இருக்கிற இடத்தைச் சுட்டால், ரவை போய்ச் சேரும்போது அது அங்கே இருக்காது. அதற்கு முன்னால் இருக்கிற வெறும் ஆகாசத்தைத்தான் சுட வேண்டும். கண் தட்டில் இருக்கும், மனசு ஒன்றுமில்லாத இடத்தில் இருக்கும். அந்த ஒரு க்ஷணத்துக்காகத்தான் நான் போகிறேன்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. யசோதரன் மாக்கோழியை வெட்டியது ஒரு லாபத்துக்காக. கனவின் கெடுதி நீங்க வேண்டும். தேவி ஏமாந்து அதை உயிர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே பொய் இருக்கிறது, பேரம் இருக்கிறது. இங்கே இரண்டும் இல்லை. தட்டு தட்டுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். 25-க்கு 15 உடைப்பவருக்கு எந்தத் தெய்வமும் வரம் தரப்போவதில்லை. ஜயிக்க வேண்டும் என்று வந்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களில் மண் புறா சுட்டார். 1962-இல் கெய்ரோவில் உலகப் போட்டியில் இரண்டாவதாக வந்தார். ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2004-இல் ஏதென்ஸிலிருந்து வெள்ளிப் பதக்கம் கொண்டு வந்தார். நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துப் பிருதிவிராஜ் 2023-இல் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற குழுவில் ஒருவர். 2024-இல் பாரிஸுக்கும் போனார். அரசர்களின் வேட்டைப் பொழுதுபோக்கு நாளடைவில் மண் தட்டுக்கு இறங்கி வந்து, நாள் முழுதும் பழகிப் பெற வேண்டிய வித்தையாகிவிட்டதே, அது நல்ல காரியம்தான். ஆனால் பழைய துப்பாக்கியோடு நிற்கிறவர் பதக்கத்தையும் விட்டுவிட்டவர். சமணரே வந்து விசாரித்தாலும் புறா விஷயத்தில் இவரை விடுதலை செய்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

புறா விஷயத்தில்.

சூளைப் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். பேச்சு வாக்கில் சிநேகிதரின் ஊர்ப் பெயரைச் சொன்னேன். பெரியவருக்கும் அதே ஊர். இளவயதில் அந்த வீட்டிலேயே பண்ணை வேலை பார்த்தவர். துப்பாக்கியை அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது.

"அது சுட்டு நான் பாத்ததில்லீங்க. பெரியய்யா ஏரிக்குப் போறப்ப எங்களையெல்லாம் கூட்டிக்கிட்டுப் போக மாட்டாரு. திண்ணையில சாத்தி வச்சிருப்பாரு. அறுப்பு முடிஞ்சு கூலி அளக்கறப்ப குறையுதேன்னு கேக்கலாம்னு நாலு பேரு சேந்து போவோம். வாசல்ல நின்னு அதப் பாப்போம். கேக்காமயே திரும்பிடுவோம். அவரு ஒண்ணும் சொல்லமாட்டாருங்க. நல்ல மனுசன்தான்."

கடைசி வார்த்தையைக் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் அவர் சூளை வேலைக்கு வந்துவிட்டார். அங்கே சம்பளம் எழுதின காகிதத்தில் வந்தது என்றார்.

அந்த ஏரிக்கரைப் படத்தில் கிடக்கும் பறவைகளை என்னால் எண்ண முடிந்தது. வாசலில் நின்று திரும்பிப் போனவர்களை யார் எண்ணியிருக்கிறார்கள்? அந்தத் துப்பாக்கி சுட்டுச் செய்ததைவிடச் சுடாமல் சாய்ந்து நின்று செய்தது அதிகம். புறாவுக்குப் பதிலாக மண்ணில் ஒரு புறா செய்யலாம். கேட்காமல் திரும்பிய கூலிக்குப் பதிலாக மண்ணில் எதைச் செய்து ஆகாசத்தில் எறிவது? கீலாலும் சுண்ணாம்பாலும் முடிகிற காரியமா?

இதற்காக அந்தத் துப்பாக்கியை உருக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைச் செய்த பர்மிங்ஹாம் தொழிலாளியையும் நினைக்க வேண்டியிருக்கிறது. அவனும் கூலிக்காரன்தான். யார் திண்ணையில் அது சாயப்போகிறது என்று அவனுக்குத் தெரியாது. நம் கோயில்களைக் கட்டிய கையும் அப்படிப்பட்டதே. பழமலைநாதர் கோயில் மதிலைப் பார்த்து ரசிக்கிறவன், அந்தக் கல்லைச் சுமந்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமல் ரசித்தால் அரை ரசனை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டால் ரசனையே இல்லை. ஆனால் கோயில் யாரையும் பயமுறுத்தத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய வஸ்து அல்ல. துப்பாக்கி அப்படியில்லை. இன்று நினைத்தாலும் அதைத் திண்ணைக்குக் கொண்டு போகலாம். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, எதற்காக? சுட்டுவிடுவார்கள் என்பதற்காக மட்டுமா? அது வீட்டில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்திருப்பதே போதும் என்பதால்தான். 2024 தேர்தலின்போது என் சிநேகிதர் தாமே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். திரும்பி வரும்வரை கூடத்தில் ஒரு மூலை காலியாக இருந்தது. ஏதோ நோயாளியை ஆஸ்பத்திரியில் விட்டு வந்ததுபோல் நடமாடிக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி சொன்னார்.

இப்போது அந்த வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. சிநேகிதருக்கு ஒரே பெண். எஞ்சினீயரிங் படித்துவிட்டு வேலையில் இருக்கிறாள். அப்பாவோடு மைதானத்துக்குப் போய்ச் சுடக் கற்றுக்கொண்டவள். இவரைவிட நன்றாகச் சுடுகிறாள் என்று இவரே ஒப்புக்கொள்கிறார். பாட்டனார் தோளுக்கு வளைத்த கட்டை அவள் தோளுக்குப் பொருந்தவில்லை. இருந்தாலும் அவளுக்கு அதன்மேல் பிரியம். உரிமத்தை அவள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுக்கலாம் என்று சிநேகிதர் தீர்மானித்தார்.

பெண் ஒரு நிபந்தனை போட்டாள். துப்பாக்கி சங்கத்தின் ஆயுத அறையிலேயே இருக்கட்டும். அங்கேயே எடுத்து, அங்கேயே சுட்டு, அங்கேயே வைத்துவிடலாம். வீட்டுக்கு இனி வர வேண்டாம். சூளைப் பெரியவர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் சின்ன வயதில் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கூடப் படித்த பிள்ளைகள் அவள் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வராமல் நின்றதைப் பார்த்தவள்.

சிநேகிதருக்கு இது பொறுக்கவில்லை. "வீட்டில் இல்லாத துப்பாக்கி என்ன துப்பாக்கி? லாக்கரில் நகையை வைத்ததுபோல் அல்லவா ஆகிவிடும்? தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கிற சுகம் இல்லாமல் அதை வைத்திருந்து என்ன?" என்கிறார். அவர் பக்கத்திலும் உண்மை இருக்கிறது. தினமும் தொட்டுத் துடைப்பதால்தான் நூறு வருஷமாக அதில் துரு ஏறவில்லை.

என்னைக் கேட்டார். பெண் சொல்வதுதான் சரி என்றேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய்க் காப்பி கொண்டு வரச் சொன்னார். காப்பி வந்தது, மழையைப் பற்றியும் மணிமுத்தாற்றில் தண்ணீர் வருமா என்பதைப் பற்றியும் பேசினோம். விண்ணப்பத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.